பனை உயரக் காற்றாடி

தலைமன்னார்
16.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நிறஞ்சலா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று தொடங்கினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அம்மாவும் நானும் இருக்கிறோம். அவ்வளவுதான்.

இது நான் உங்களுக்கு எழுதும் முதலாவது கடிதம். நீங்கள் கட்டாரில் இருந்த ஏழு வருடமும் போனிலேயே பேசிக்கொண்டோம். கடிதத்துக்குத் தேவை வரவில்லை. இப்போது இந்தியச் சிறைக்குள் உங்களோடு போனில் பேச வழியில்லை என்றும், கடிதம் போட்டால் அதிகாரி ஒருவர் வாசித்துவிட்டு உங்களிடம் தருவார் என்றும் அங்குள்ள உங்கள் சட்டத்தரணி சொல்லியனுப்பினார். ஆகவே இடையில் வாசிக்கும் அந்த ஐயாவுக்கும் என் வணக்கம்.

மீன்பிடிக்கப் போன நீங்களும் உங்களோடு வலை இழுக்கும் நஸார் நானாவும் கடல் எல்லைக்கு அந்தப் பக்கம் பிடிபட்ட செய்தி வந்த அன்றே சிங்கராசா மாமா வீட்டுக்கு வந்தார். வள்ளம் அவருடையது, வருவார் என்று அம்மாவுக்குத் தெரியும். கதிரையில் இருந்தார், ஆனால் சாய்ந்து இருக்கவில்லை.

"மார்த்தா, எஞ்சின் நிண்டு நீரோட்டம் இழுத்ததெண்டு மில்ரன் அங்க சொல்லியிருக்கிறானாம். அது போன மாசம் எடுத்த எஞ்சின். அது ஏன் நிக்குது? இவன் என்ன, அங்கால சாமான் ஏத்தப் போனவனோ?"

"என்ர மனுசன் கஞ்சா ஏத்திறவரெண்டால் உங்கட வள்ளத்தையோ கேட்டிருப்பார்? கொஞ்சம் நல்ல வள்ளமாப் பாத்துக் கேட்டிருப்பாரே" என்றார் அம்மா.

மாமா தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டார். அம்மா அதை எடுத்துத் தானே குடித்தார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சட்டத்தரணி சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அங்கே பிடித்தவர்கள் எஞ்சினை இழுத்துப் பார்த்தார்களாம். ஒரே இழுவையில் ஸ்ராட் ஆகியதாம். எஞ்சின் நன்றாக இருந்தால் ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்கும். ஓகஸ்ற் விசாரணையில் நம்பக்கூடிய பதில் இல்லாவிட்டால் கடத்தல் வழக்கு ஆகிவிடும், உங்கள் இரண்டு பேருக்கும் பல வருடம் போய்விடும் என்கிறார். உண்மை எதுவாக இருந்தாலும் அதைச் சொல்வதுதான் நல்லது என்கிறார்.

நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். எஞ்சின் நின்றதா, அப்பா?

அன்பு மகள்,
நிறஞ்சலா


தமிழ்நாடு
07.04.2025

மகள் நிறஞ்சலாவுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. உன் எழுத்து அச்சடித்ததுபோல இருக்கிறது. என்னுடையது அப்படி இராது, பொறுத்துக்கொள். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். சாப்பாடு பரவாயில்லை, மீன் மட்டும் இல்லை என்று அம்மாவிடம் சொல்.

எஞ்சின் நின்றது. பிறகு வேலை செய்தது. புது எஞ்சினும் நிற்கும். இனி அதைக் கேட்காதே.

இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மதில். மதிலுக்கு மேலே ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி மட்டும் தெரியும். அது தூரத்தில் உள்ள பெரிய தாங்கி என்கிறான் நஸார். பக்கத்துக் கூரையில் உள்ள சின்னத் தாங்கி என்கிறேன் நான். அதற்குப் பக்கத்தில் ஒரு மரமோ மனிதனோ தெரிந்தால் சொல்லிவிடலாம். ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு நாளும் காலையில் அந்தச் சண்டைதான்.

"மில்ரன், நீ சொல்லுற மாதிரி சின்னத் தாங்கியெண்டால் அதில ஒரு வீட்டுக்குத்தான் தண்ணி காணும். பிறகெப்பிடி இத்தினை பேர் குளிக்கிறம்?" என்று கேட்பான்.

"நீ குளிக்கிறியோ?" என்று நான் கேட்பேன். அதோடு அவன் எழும்பிப் போய்விடுவான்.

அதெல்லாம் பகிடி. இரவில் அதுவும் வராது. வெளியே போய் நின்று கடலைப் பார்த்தால் எது கிட்ட, எது எட்ட என்று இனி எனக்குத் தெரியுமோ என்று யோசிப்பேன்.

நான் கட்டாரிலிருந்து வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் நீ என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் காதுக்குள், "அப்பா இவ்வளவுதானா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. நான் கோபிக்கவில்லை. சும்மா எழுதுகிறேன்.

கரையில் யாராவது கேட்டால், மில்ரன் பாதை தவறவில்லை என்று மட்டும் சொல். பாதை தவறிய ஓட்டி என்று பெயர் வந்தால் எனக்கு இனி ஒருவரும் வள்ளம் தரமாட்டார்கள். இந்த வயதில் கட்டாருக்கும் எடுக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு நான் என்ன செய்வது? வீட்டுக்குள் இருப்பதா?

அப்பா


தலைமன்னார்
18.05.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

விமான நிலையத்தில் நான் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கவேயில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சொல்கிறேன், கடைசிவரை வாசியுங்கள்.

பாடசாலை நூலகத்தில் கண்ணைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் ஒரே அளவான இரண்டு வட்டங்கள். ஒன்றைச் சுற்றிப் பெரிய வட்டங்கள், மற்றதைச் சுற்றிச் சின்ன வட்டங்கள். பெரியவற்றுக்கு நடுவில் உள்ளது சின்னதாகத் தெரிகிறது. சின்னவற்றுக்கு நடுவில் உள்ளது பெரிதாகத் தெரிகிறது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், ஒரே அளவுதான். அளவுகோலை எடுத்தவுடன் பழையபடி ஏமாற்றுகிறது. அளந்து தெரிந்துகொண்ட பிறகும் கண் திருந்துவதில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

நம் கண் ஒரு பொருளைத் தனியே பார்ப்பதில்லை, அப்பா. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. பக்கத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், முன்பு தெரிந்த பொருள் ஒன்றை நினைத்துக்கொண்டு அதன் அளவைக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் போகும்போது எனக்கு ஒன்பது வயது. உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் நின்று உங்களைப் பார்த்தேன். பிறகு ஏழு வருடம் போன் திரையில் உங்கள் முகம் மட்டும். பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே அந்த ஒன்பது வயது அளவையே வைத்திருந்தேன், அதனால்தான் நேரில் நீங்கள் சின்னதாகத் தெரிந்தீர்கள். உங்கள் தாங்கியும் அப்படித்தான். நீங்கள் இரண்டு பேரும் சரியாக இருக்கலாம், இரண்டு பேரும் பிழையாகவும் இருக்கலாம்.

இனி எழுதப்போவதற்குக் கோபிக்க வேண்டாம்.

நீங்கள் கட்டாருக்குப் போனபோது தெற்குக் கரையில் காற்றாடிகள் இல்லை. காற்றில் மின்சாரம் எடுக்க அந்த உயரமான கோபுரங்களை நட்டது நீங்கள் இல்லாத காலத்தில். நீங்கள் திரும்பி வந்து கடலுக்குப் போன முதலாவது கிழமையில்தான் இது நடந்தது. இதை யோசித்துக்கொண்டு ஒரு பரிசோதனை செய்தேன். காலை றெயிலில் வந்து இறங்குபவர்களில் புதியவர்களைப் பார்த்துத் தெற்குக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் நின்று பார்த்தால் கரை வளைந்து மரங்கள் மறைந்துவிடும், தூரத்துக் காற்றாடிகள் மட்டும் தெரியும். அங்கே நடந்துபோக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டேன். கொழும்பிலிருந்து வந்த ஓர் அண்ணாவும் அக்காவும், "பத்து நிமிஷம் போதும், இந்தா இருக்குதே" என்று சிரித்துவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் வேண்டாம் என்றும் சொன்னேன். மதியம் ஓட்டோவில் திரும்பி வந்தார்கள். "தங்கச்சி, உங்க ஊர்க் காத்தாடி நாங்க நடக்க நடக்கப் பின்னால போகுது" என்றார் அந்த அண்ணா. புதிதாக வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் மிகக் கிட்ட என்று சொன்னார்கள். ஊரில் உள்ளவர்கள் ஒருவரும் ஏமாறவில்லை.

காற்றாடி பனையைவிட ஏழு மடங்கு உயரம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏழு மடங்கு தூரத்தில் அது பனை உயரத்தில் தெரியும். கரையில் பனைக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தபோது உங்களுக்கு அதன் பருமன் விளங்கியிருக்கும். நடுக்கடலில் பனை தாழ்ந்து மறைந்த பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. உங்கள் கண் பழைய பனையின் அளவைக் கொடுத்திருக்கும். கரை கிட்ட இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

எஞ்சின் நிற்கவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் தூரத்தைப் பிழையாகப் பார்த்தீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லாக் கண்ணும் அப்படித்தான். இதை நீதிமன்றத்தில் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
நிறஞ்சலா


தமிழ்நாடு
11.06.2025

நிறஞ்சலா,

கடலில் நின்றது நான். நீ இல்லை.

கொழும்பிலிருந்து சப்பாத்தோடு வருபவனும் நானும் உனக்கு ஒன்றா? பதின்மூன்று வயதிலிருந்து அந்தக் கரையைப் பார்த்து வள்ளம் ஓட்டியவன். என்னை வைத்துப் பரிசோதனை செய்ய நான் எலி இல்லை.

"மகள் என்ன எழுதியிருக்கிறா?" என்று நஸார் கேட்டான். சுகமாம் என்றேன். "இவ்வளவு தாளிலயும் சுகமோ?" என்று கேட்டான்.

உன் பாடத்தைப் படி. இனி இதைப் பற்றி எழுதினால் நான் பதில் போடமாட்டேன்.

அப்பா


தலைமன்னார்
13.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் போடாவிட்டாலும் வாசிப்பீர்கள் என்று எழுதுகிறேன். குறைந்தது அந்த ஐயாவாவது வாசிப்பார்.

நான் எழுதிய விதம் பிழை என்று அம்மா சொன்னார். "உன்ர கொப்பருக்குக் கடலைத் தவிர வேற ஒண்டும் பெருமைக்கில்லை. அதையும் அளந்து காட்டிப்போட்டாய்" என்றார். ஆனால் அளந்தது பிழை என்று இன்னும் நான் நினைக்கவில்லை.

இங்கே எப்படி இருக்கிறது என்று எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன். அம்மா மீன் வாங்கக் கரைக்குப் போவதில்லை. சைக்கிளில் வருபவரிடம் வாங்குகிறார். பூசைக்குப் போனால் பின்வரிசை வாங்கில் இருந்துவிட்டு, முடிவதற்கு முன்பே எழும்பிவிடுகிறோம். வகுப்பில் ஒருத்தி என் கொம்பாஸ் பெட்டியைத் திறந்து, "உள்ளுக்கு என்ன கிலோக்கணக்கில வச்சிருக்கிறாய்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எஞ்சின் கதையை இங்கே ஒருவரும் நம்பவில்லை, அப்பா. பாதை தவறாத ஓட்டி ஏன் அந்தப் பக்கம் போனான் என்றுதான் கேட்கிறார்கள். பாதை தவறவில்லை என்று நான் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் உங்களைக் கடத்தல்காரன் ஆக்குகிறேன்.

நஸார் நானாவின் மனைவி நசீறா அக்கா போன கிழமை வந்தார். ஏழாம் மாதம். படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மார்த்தா அக்கா, இவர் கடிதத்தில ஒண்டும் எழுதுறாரில்லை. மில்ரன் சொல்லுறதுதான் நானும் சொல்லுறது, அவ்வளவுதான் எண்டு மட்டும் எழுதுறார். அப்பிடி என்ன சொல்லுறாங்க ரெண்டு பேரும்?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

இன்னொன்று. நீங்கள் பார்த்தது எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள நானும் கரையில் நின்று பார்த்தேன். கையை நீட்டி மரங்களை மறைத்துப் பார்த்தேன், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். முடியவில்லை. எனக்குக் காற்றாடி காற்றாடியாகவே தெரிகிறது. அவற்றைப் பார்த்துக்கொண்டு வளர்ந்துவிட்டேன். கொழும்புக்காரருக்கு அது தூரத்தில் தெரியும் ஏதோ ஒன்று மட்டும்தான். அவர்கள் கடலிலிருந்து பனையைப் பார்த்ததில்லை. கடலிலிருந்து பனையை அறிந்து, காற்றாடியை அறியாத கண் உங்களுடையது ஒன்றுதான். நீங்கள் சொல்லாவிட்டால் இதைச் சொல்ல இந்தத் தீவில் வேறு சாட்சி எனக்குக் கிடைக்காது.

அம்மா உங்களுக்காக மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்கு நடந்துபோக நேர்ந்திருக்கிறார்.

அன்பு மகள்,
நிறஞ்சலா


தமிழ்நாடு
24.08.2025

மகள் நிறஞ்சலாவுக்கு,

விசாரணை முடிந்தது. நீ சட்டத்தரணியிடமிருந்து கேள்விப்படுவதற்கு முன் நானே எழுதவேண்டும் என்று இருக்கிறேன். ஆனால் கடிதம் மெல்லத்தான் வரும்.

நடந்தது இதுதான். அன்று வெளிச்சம் நல்ல தெளிவு. நஸார் முன்னுக்கு நின்று வலை இழுத்தான். நான் பின்னுக்கு. திரும்பிப் பார்த்தேன். மரம் ஒன்றும் இல்லை, காற்றாடி வரிசை மட்டும் நின்றது. பனை நிற்கிற உயரத்தில் நின்றது. நான் முன்பு வலை போடும் இடத்தில் இருந்து பனை எப்படித் தெரியுமோ அதே உயரம். அட, இன்னும் கிட்டத்தான் நிற்கிறோம், ஏழு வருடத்தில் நான் ஒன்றையும் மறக்கவில்லை என்று சந்தோசப்பட்டேன். உண்மையாகச் சந்தோசப்பட்டேன், மகள்.

நஸார் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "மில்ரன், காற்றாடி சரியாக் குறுகிப் போச்சு. திரும்புவம்."

"இது எனக்குத் தெரியாத கடலோ? நீ வலையைப் பார்" என்றேன்.

அவன் வலையைப் பார்த்தான். தூரம் காட்டும் போன் ஏற்கனவே என் கை தவறித் தண்ணீரில் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இந்தியக் காவற்கப்பல் வந்தது. அவர்கள் எங்களைக் கேட்டபோது எஞ்சின் நின்றது என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நஸார் என்னைப் பார்த்தான். பிறகு அவனும் ஓம் என்றான். ஆறு மாதம் அவன் அந்த ஓமைச் சுமந்துகொண்டு என் பக்கத்தில் படுத்தான். "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. தாங்கியைப் பற்றி மட்டும் சண்டை பிடித்தான்.

நசீறாவின் ஏழாம் மாதத்தை உன் கடிதத்தில் வாசித்துவிட்டுத்தான் அவனிடம் சொன்னேன், நான் மாற்றிச் சொல்லப்போகிறேன் என்று. "இப்பவெண்டாலும் திரும்புறியே" என்றான்.

நீதிமன்றத்தில் நான் எழுந்து, "எஞ்சின் நிக்கேல்லை ஐயா. காற்றாடியைப் பனை எண்டு பாத்துப்போட்டன்" என்றேன். பின்னுக்கு இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. பனை எவ்வளவு உயரம், காற்றாடி எவ்வளவு உயரம் என்று கேட்டார். ஏழு மடங்கு என்று நீ எழுதியதைச் சொன்னேன். "உங்க கூட இருந்தவர் எச்சரிக்கலையா?" என்று கேட்டார். எச்சரித்தான், நான்தான் கேட்கவில்லை என்றேன்.

கடத்தல் என்ற பேச்சு இல்லாமல் போய்விட்டது. வலை இழுத்தவன் என்று நஸாரை அனுப்புகிறார்கள். ஓட்டியது நான், எல்லை தாண்டியது என் கையால். எனக்கு வரும் வருடம் ஓகஸ்ற் வரை சிறை. வள்ளம் திரும்பக் கிடைக்காது.

நஸார் ஊருக்கு வந்ததும் எல்லோருக்கும் சொல்லுவான். அவனால் ஒரு கதையை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. சொல்லட்டும். நான் வந்தபிறகு என்ன செய்வேன் என்று மட்டும் தெரியவில்லை.

அப்பா


தலைமன்னார்
05.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நஸார் நானா வந்துவிட்டார். வந்து ஒரு கிழமையில் மகன் பிறந்தான். நசீறா அக்கா அம்மாவின் கையைப் பிடித்து அழுதார். அம்மா பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சீக்கிரமே எழும்பிவிட்டார். நீங்கள் இன்னும் உள்ளே இருக்கும்போது அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்னதுபோல நானா கரை முழுவதும் சொல்லிவிட்டார். உங்களைக் குறைவாகச் சொல்லவில்லை, உங்களைப்போல நின்று காட்டி, உங்கள் குரலில் "இது எனக்குத் தெரியாத கடலோ?" என்று கேட்டு, எல்லோரையும் சிரிக்க வைத்தார். இப்போது உங்களுக்குப் பனை மில்ரன் என்று பெயர். கடத்தல்காரன் மகள் என்று என்னை இப்போது ஒருவரும் சொல்வதில்லை. வகுப்பில் பனங்கிழங்கு கொண்டுவந்து என் மேசையில் வைக்கிறார்கள். நான் சாப்பிட்டுவிடுகிறேன்.

சிங்கராசா மாமா வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை சாய்ந்து இருந்தார்.

"மார்த்தா, அவன் சாமான் ஏத்தினவன் எண்டு நான் கதைச்சது பிழை. அதுக்கு மன்னிச்சுக்கொள். ஆனால் போன வள்ளம் போனதுதான், மிச்ச வள்ளத்தை என்னட்டக் கேக்காத. கரை எங்க நிக்குதெண்டு தெரியாத மனுசனை நம்பி நான் என்னெண்டு ஆக்களை ஏத்தி விடுறது?"

"நான் கேக்கேல்லையே" என்றார் அம்மா. அவர் போன பிறகு, "கேக்கத்தான் இருந்தனான்" என்று என்னிடம் சொன்னார்.

இதை எழுதாமல் விட நினைத்தேன். ஆனால் நீங்கள் உண்மையை எழுதியபிறகு நானும் எழுதவேண்டும்.

இனி ஒரு புதினம். போன மாதம் பாடசாலை விட்டு வரும்போது ஒருவர் சைக்கிளை நிறுத்தி, நீ செய்த காற்றாடிப் பரிசோதனையைப் பற்றிச் சொல் என்றார். சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, சவூதியிலிருந்து வந்த முதல் மாதம் தனக்கும் அப்படி நடந்தது என்றார். காற்றாடியைப் பார்த்துக் கிட்ட என்று நினைத்துப் போய்விட்டாராம். எண்ணெய் முடிகிறது என்று திரும்பியதால்தான் தப்பினாராம். "இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத பிள்ளை" என்றார். அடுத்த கிழமை இன்னொருவர் வந்தார். டுபாயில் இருந்தவர். பிறகு மூன்றாவது ஒருவர், கோயில் மதிலுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னார். ஒருவருக்கு மற்றவரைப் பற்றித் தெரியாது. மூன்று பேரும் தனித்தனியே, தனக்கு மட்டும்தான் கண் பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடமும் அதே கடலில் ஓட்டுகிறார்கள்.

எனக்கு மூன்று சாட்சிகள் கிடைத்துவிட்டார்கள், அப்பா. பெயர் சொல்லமாட்டேன் என்று மூன்று பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் நீங்கள் கேட்டால் என்ன செய்வது? அவர்கள் வாய் திறந்தால் சிங்கராசா மாமா பேச முடியாது. உங்களுக்கு வள்ளம் கிடைக்கும். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன்.

அன்பு மகள்,
நிறஞ்சலா


தமிழ்நாடு
02.11.2025

மகள் நிறஞ்சலாவுக்கு,

நஸாரின் மகனுக்கு என் முத்தம். பெரியவனாகட்டும்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று முழுவதும் அந்த மூன்று பேரும் யாராக இருக்கும் என்று யோசித்தேன். சவூதிக்குப் போனவர்கள், டுபாய்க்குப் போனவர்கள் என்று கரையில் உள்ள முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீ பெயரை எழுதியிருந்தால் என்று ஆசையாகவும் இருந்தது. நஸார் இல்லாததால் அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

பெயரை எழுதாதே. வந்து நான் கேட்டாலும் சொல்லாதே. அவர்களுக்கும் வள்ளம் வேண்டும், பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் மதிலுக்குள் இருக்கிறேன். அவர்களைப் பிடித்து இதற்குள் இழுத்து எனக்கு என்ன?

கரைவலையில் கயிறு இழுக்க எப்போதும் ஆள் தேவைப்படும். கயிறு இழுப்பவனிடம் தூரம் ஒருவரும் கேட்பதில்லை. அதைப் பார்த்துக்கொள்ளலாம், நீ அம்மாவிடம் மெல்லச் சொல்லிவை.

நான் வந்து கரையில் நிற்கும் அன்று, பனை மில்ரன் என்று பகிடி பண்ணுவார்கள். அந்த மூன்று பேரும் மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்கள், சிரிக்கத்தான் வேண்டும் அவர்களுக்கு. நீ என் பக்கத்தில் நின்றால், அந்த நேரம் அவர்களின் முகத்தைப் பார்த்துவிடாதே.

அப்பா